ஏழு மீட்டர் நான்கு சென்டிமீட்டர்

மூன்று வருடங்களுக்கு முன்பு, கார்த்திகை மாதத்தில் ஒரு சனிக்கிழமை. நாமக்கல்லுக்குக் கிழக்கே, எருமப்பட்டிப் பக்கம், என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த பள்ளியில் விளையாட்டு விழா. அன்றைக்கு ஓடினவர்களும் தாண்டினவர்களும் பரிசு வாங்கினவர்களும் இந்நேரம் அதை மறந்திருப்பார்கள். பந்தலுக்கடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கப் போன நான்தான் இன்னும் மறக்க முடியாமல் இருக்கிறேன்.

எனக்கு லாரிக்குப் பாடி கட்டும் தொழில். பதினேழு வயதில் வெல்டிங் கற்றுக்கொண்டு, பல பட்டறைகளில் வேலை பார்த்து, பிறகு சொந்தமாக ஆரம்பித்தது. தண்ணீர் டேங்கர், தீவன லாரி, கோழி ஏற்றும் வண்டி, எது வந்தாலும் இடுப்பில் டேப்போடுதான் நிற்பேன். இரும்புத் தகடைக் கண்ணால் பார்த்தே நீளம் சொல்லிவிடுவேன் என்று பட்டறையில் எனக்கொரு பேர் உண்டு. வீட்டிலும் அப்படித்தான். பீரோ வாசலில் நுழையுமா, ஜன்னலுக்குத் திரைத்துணி எவ்வளவு வேண்டும் என்று எதுவானாலும் நான் அளந்து சொன்னால் சொன்னதுதான், மறுபடி யாரும் அளக்க மாட்டார்கள். இந்தக் கர்வத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் இதுதான் வேலையைக் காட்டியது.

எனக்கு ஒரே மகள். பத்தாம் வகுப்பு முடித்து காமர்ஸ் எடுத்தாள். ஐந்தாவது பாடமாகக் கம்ப்யூட்டர் எடுப்பாள் என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, அவள் உடற்கல்வி என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். எங்கள் பக்கத்துப் பள்ளிகளைத் தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இங்கே பி.டி. பீரியட் என்பது கணக்கு ஆசிரியர் வந்து எடுத்துக்கொள்வதற்காகவே அட்டவணையில் போடுவது. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை சாயங்காலத்தில் பந்தோடு தெருவில் நின்றால், டியூஷன் மாஸ்டருக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரிப்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் விளையாட்டையே ஒரு பாடமாக எடுத்துப் பரீட்சை எழுதப் போகிறேன் என்றால் என்ன செய்வது? பட்டறையில் என் கூட்டாளி ஒருவர், பெயில் ஆனால் கிரவுண்டை எத்தனை சுற்று ஓடவிடுவார்கள் என்று கேட்டார். நானும் சேர்ந்து சிரித்தேன். அது அவள் காதுக்கு எட்டியதோ என்னவோ, இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

ஆனால் அவள் அந்தப் பாடத்தைப் படித்த விதமே வேறு. எலும்பு, தசை, மூச்சு, நாடித் துடிப்பு என்று தடியான புத்தகம். படித்ததையெல்லாம் வீட்டில் எங்கள் மேல் சோதித்துப் பார்ப்பாள். அவள் அம்மாவை மாடிப்படி ஏறி இறங்க வைத்து மணிக்கட்டைப் பிடித்து எண்ணுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைத் தரையில் உட்கார வைத்து, காலை நீட்டி, முட்டி மடக்காமல் விரலால் பாதத்தைத் தொடச் சொன்னாள். என் கை முழங்காலைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனது, அதற்கு மேல் வயிறு விடவில்லை. அவள் ஸ்கேலை வைத்து அளந்து, எவ்வளவு குறைகிறது என்று நோட்டில் எழுதிக்கொண்டாள். அந்த எண்தான் எனக்கு உறைத்தது. மறுநாளிலிருந்து காலையில் நடக்க ஆரம்பித்தேன். நடப்பது டாக்டர் சொல்லி என்று வெளியில் சொல்லிக்கொண்டேன்.

பன்னிரண்டாம் வகுப்பு பாதியில் அடுத்த பிரச்சினை வந்தது. பள்ளி முடித்துவிட்டு உடற்கல்வியிலேயே பட்டம் படிக்கப் போவதாகச் சொன்னாள். நான் பி.காம். என்று முடிவு செய்து வைத்திருந்தேன். பி.காம்., அப்புறம் பாங்குப் பரீட்சை. மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. நான் வாழ்க்கை முழுக்க வெயிலிலும் தீப்பொறியிலும் நின்றவன். என் பிள்ளையும் விசிலை ஊதிக்கொண்டு வெயிலில் நிற்க வேண்டுமா என்பதுதான் எனக்கு உள்ளுக்குள் இருந்த வலி. அதை அப்படிச் சொல்லத் தெரியாமல், அதெல்லாம் ஒரு படிப்பா என்று கத்திவிட்டேன். இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டு மட்டும் வந்தது.

மூன்றாம் நாள் என் மனைவி நடுவில் வந்து உட்கார்ந்தாள். "ஏனுங்க, அது என்ன படிக்குதுன்னு ஒரு நாளாச்சும் போய்ப் பாத்தீங்களா?" என்று கேட்டாள். பதில் இல்லாதபோது நான் பந்தயம் கட்டுகிறவன். அந்தப் பள்ளியில் விளையாட்டு விழாவுக்கு மைதானத்தில் கோடு போடுவது உடற்கல்வி படிக்கும் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் வேலை. மொத்தம் ஆறு பேர். அந்த வருடம் ஓடுபாதை போடும் பொறுப்பை என் மகளிடம் விட்டிருந்தார்கள். நான் அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன். "நீ போடற கோட்டை ஒருத்தர் ஒரு குத்தம் சொல்லாம விழா முடியட்டும். முடிஞ்சா உன்ற இஷ்டப்படி படி. குத்தம் வந்தா பி.காம்." அவள் உடனே, சரிங்கப்பா என்றாள்.

அவள் அவ்வளவு சுலபமாகச் சரி என்றது எனக்கே திக்கென்றது. பந்தயம் கட்டினவன் நான்தான், ஆனால் அன்றிலிருந்து அவள் ஜெயிக்க வேண்டுமே என்று எனக்குப் பதைப்பு. பெற்ற மனசு எந்தப் பக்கம் சாயும் என்று அதற்கே தெரியாது போலிருக்கிறது.

விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் பட்டறையைச் சீக்கிரம் விட்டுவிட்டு மைதானத்துக்குப் போனேன். ஆறு பிள்ளைகளும் கையெல்லாம் சுண்ணாம்புத் தூளோடு வேலை செய்துகொண்டிருந்தார்கள். சின்ன மைதானம்தான். ஒரு சுற்று வந்தால் இருநூறு மீட்டர், நான்கு தடங்கள். நடுவில் ஆணி அடித்து, கயிறு கட்டி, அதை இழுத்துப் பிடித்துக்கொண்டு வளைவு போட்டுக்கொண்டிருந்தாள் என் மகள். ஒரு தடத்துக்கும் அடுத்த தடத்துக்கும் எவ்வளவு இடைவெளி என்று கேட்டேன். ஒரு மீட்டர் இருபத்திரண்டு சென்டிமீட்டர் என்றாள். என் டேப்பை நீட்டிப் பார்த்தேன். சரியாக நாலடி. நாலடி என்றதும் எனக்கு அந்தப் பாதையே சொந்தமானது போல ஆகிவிட்டது. பிளைவுட் ஷீட்டின் அகலம், எங்கள் தொழிலின் அளவு.

அப்புறம்தான் வினை. ஓட்டம் முடியும் இடம் நாலு பேருக்கும் ஒரே கோடு. ஆனால் தொடங்கும் இடம் அப்படி இல்லை. வளைவில் வெளித்தடத்தில் ஓடுகிறவருக்குத் தூரம் கூடும், அதை ஈடுகட்ட அவரைக் கொஞ்சம் முன்னால் நிறுத்த வேண்டும். இதற்கு ஸ்டேகர் என்று பெயர். முதல் தடத்துப் பிள்ளையைவிட இரண்டாம் தடத்துப் பிள்ளை ஏழு மீட்டர் நான்கு சென்டிமீட்டர் முன்னால் நிற்க வேண்டும். மூன்றாம் தடம் அதற்கும் முன்னால். நாலாம் தடம் இருபத்திரண்டு மீட்டருக்கும் மேலே. அவள் தன் நோட்டைக் காட்டினாள். நான் அடிக்கணக்கில் மாற்றிப் பார்த்தேன். இரண்டாம் தடத்துக்கு இருபத்து மூன்று அடி ஒரு இஞ்சு. நோட்டின் மேலே, நானூறு மீட்டர் ஓடுபாதை என்று எழுதியிருந்தது.

"இது எரநூறுதான சாமி?" என்றேன்.

"எரநூறா இருந்தாலும் இதே அளவுதானுங்கப்பா. பெரிய கிரவுண்டு, சின்ன கிரவுண்டு எல்லாத்துக்கும் ஒண்ணுதான்."

ஏன் என்றும் விளக்கினாள். படம் கூடப் போட்டாள். கேட்டேன், தலையாட்டினேன், காதில் ஏறவில்லை. எனக்குள் ஒரு குரல், பிள்ளை புத்தகத்தில் இருந்ததை அப்படியே எழுதிவிட்டது, பாதி மைதானத்துக்கு முழு மைதானத்தின் அளவைப் போட்டுவிட்டது என்று சொல்லிக்கொண்டே இருந்தது. எட்டடி வண்டிக்குப் பதினாறு அடி வண்டியின் அளவைப் போட்டால் என்ன ஆகும்? நாலாம் தடத்துக் கோட்டைப் பார்த்தேன். தண்ணீர்க் குழாய்க்கு நேராக, ஊருக்கு முன்னால் போய் நின்றுகொண்டிருந்தது. நாளைக்கு இதைப் பார்த்து ஆயிரம் பேர் சிரிப்பார்கள். மற்ற பிள்ளைகள் முன்னால் சொன்னால் அவள் முகம் வாடிப்போகும் என்று அப்போதைக்கு வாயை மூடிக்கொண்டேன்.

அன்று இரவு தூறல் போட்டது. கார்த்திகைத் தூறல், பெரிய மழை இல்லை. விடிந்தும் விடியாமலும் வழக்கம்போல் நடக்கக் கிளம்பினவன், கால்போன போக்கில் போவது போலப் பள்ளிப் பக்கம் போனேன். பொய் சொல்வானேன், டேப்பை எடுத்துக்கொண்டுதான் போனேன். காவலாளி எனக்குத் தெரிந்தவர், பள்ளிப் பேருந்துகளுக்கு வேலை செய்து கொடுத்த பழக்கம். கேட்டைத் திறந்துவிட்டார். நீளக் கோடுகள் தப்பித்திருந்தன. தொடங்கும் இடத்தில் மட்டும் நாலு கோடுகளும் கரைந்து மங்கியிருந்தன. எனக்காகவே மழை பெய்தது போலத் தோன்றியது. சுண்ணாம்பு மூட்டை வராந்தாவில் இருந்தது. டேப்பைப் போட்டு அளந்து, மூன்று ஸ்டேகரையும் சரிபாதியாகக் குறைத்தேன். இருபத்து மூன்று அடி இருந்த இடத்தில் பதினொன்றரை. மங்கலாக இருந்த பழைய கோட்டைச் செருப்பால் தேய்த்து அழித்தேன். புதுக் கோட்டை நூல் பிடித்தது போல நேராகப் போட்டேன். போட்டு முடித்துத் தள்ளி நின்று பார்த்தபோது எனக்கே என் மேல் மரியாதை வந்தது. என் பிள்ளையின் மானத்தைக் காப்பாற்றிவிட்டேன், அதுவும் அவளுக்கே தெரியாமல்.

வீட்டுக்கு வந்தபோது அவள் சீருடை போட்டுக்கொண்டு பதறிப்போய்க் கிளம்பிக்கொண்டிருந்தாள். மழையில் கோடு போயிருக்குமே என்று கவலை. நான் சொன்னேன். "அழிஞ்சதையெல்லாம் நானே போட்டுட்டு வந்துட்டேன் சாமி. நீ நெதானமாப் போ." மாற்றிப் போட்டேன் என்று சொல்லவில்லை. அவள் ஓடி வந்து, சுண்ணாம்பு பிடித்து வறண்டிருந்த என் விரல்களில் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள். அவள் போய் மறுபடி அளந்து பார்க்கவில்லை. அப்பா அளந்ததை அந்த வீட்டில் யார் மறுபடி அளப்பார்கள்?

விழா ஒன்பதரைக்கு ஆரம்பித்தது. சிறப்பு விருந்தினர், கொடி, அணிவகுப்பு எல்லாம் முறைப்படி நடந்தன. சின்னப் பிள்ளைகளின் தவளை ஓட்டம், பிறகு முப்பது மீட்டர், ஐம்பது மீட்டர். இதெல்லாம் நேரான ஓட்டம், வளைவு கிடையாது. நானும் மனைவியும் பந்தலில் முன்வரிசைக்கு அடுத்த வரிசையில் இருந்தோம். வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு, கையில் அட்டையோடு, என் மகள் மைதானத்தின் நடுவில் நடந்து போவதைப் பார்க்க எனக்கு நெஞ்சு நிமிர்ந்துகொண்டே போனது. பதினொரு மணி வாக்கில் பெண்களுக்கான இருநூறு மீட்டர் ஓட்டம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். இதில் முதலில் வருகிற பிள்ளை அடுத்த கட்டப் போட்டிக்குப் பள்ளியின் சார்பில் போகும் என்றும் சொன்னார்கள். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேர் வந்து அவரவர் தடத்தில் நின்றார்கள்.

உடற்கல்வி ஆசிரியர் விசிலை வாயில் வைத்துவிட்டார். அப்போது என் மகள் கையை உயர்த்திக்கொண்டு குறுக்கே ஓடினாள்.

என்ன பேசினாள் என்று பந்தலுக்குக் கேட்கவில்லை. நாலாம் தடத்தையும் தண்ணீர்க் குழாயையும் மாறி மாறிக் காட்டினாள். ஆசிரியர் கைக்கடிகாரத்தைக் காட்டினார். அவள் தலையை ஆட்டினாள். பள்ளி முதல்வர் மேடையிலிருந்து இறங்கிப் போனார். ஒலிபெருக்கியில் பாட்டைப் போட்டார்கள், பாதியில் நிறுத்தினார்கள். ஓட நின்ற நாலு பிள்ளைகளும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தார்கள். என் பின்னால் இருந்த ஒருவர், விளையாட்டைப் படிக்கிற பிள்ளைங்க போட்ட கோட்டுக்கே இந்த லட்சணமா என்றார். அவர் சொன்னதில் ஒன்றும் கெட்ட எண்ணமில்லை, நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் அதைவிடக் கூடச் சொல்லியிருப்பேன்.

முதல்வரிடம் இருந்த மைக் அணைக்கப்படவில்லை. அதனால் அடுத்து நடந்தது எல்லாருக்கும் கேட்டது. கோட்டைப் போட்டது யார் என்று அவர் கேட்டார்.

"நாந்தானுங்க சார். பொறுப்பு என்னுது. அளவு தப்பா இருக்குதுங்க. நாலாவது லேன்ல நிக்கற புள்ள பதினோரு மீட்டர் கூட ஓடோணும். பத்து நிமிசம் குடுங்க, சரி பண்ணிப் போடறேன்."

அவளுக்குத் தெரியும். காலையில் நான் போட்டுவிட்டு வந்தேன் என்று நானேதான் சொன்னேன். கோடு தள்ளியிருப்பதைப் பார்த்த அந்த நொடியே, யார் தள்ளியது என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். எங்கள் பந்தயமும் அவளுக்கு நினைவில்லாமல் இருந்திருக்காது. ஒருத்தர் ஒரு குத்தம் சொன்னால் பி.காம். பேசாமல் இருந்திருந்தால் யாருக்குத் தெரியப் போகிறது? விசிலை ஊதியிருப்பார்கள், யாரோ ஒரு பிள்ளை ஜெயித்திருக்கும், நாலாம் தடத்துப் பிள்ளை, தனக்குக் கால் வரவில்லை என்று நினைத்து வீட்டுக்குப் போயிருக்கும். இவள் தான் விரும்பிய படிப்பைப் படித்திருப்பாள். அத்தனையையும் தூக்கிப் போட்டுவிட்டு, ஆயிரம் பேர் முன்னால், என் தப்பையும் தன் தலையில் ஏற்றிக்கொண்டு நின்றாள்.

என் மனைவி என் கையைப் பார்த்தாள். எவ்வளவு எண்ணெய் தடவியும் நகக்கண்ணில் சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தது. "போங்க" என்று மட்டும் சொன்னாள்.

பந்தலிலிருந்து அந்த இடம் அப்படி ஒன்றும் தூரமில்லை. ஆனால் நான் நடந்ததிலேயே நீளமான நடை அதுதான். முதல்வருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். மைக் இன்னும் அணையவில்லை. ஒருவகையில் நல்லதாகப் போயிற்று.

"கோட்டை மாத்துனது நானுங்க" என்றேன். "புள்ள போட்டது சரி. காத்தால மழைல அழிஞ்சதைப் போடறேன்னு வந்து, எனக்குத் தெரிஞ்ச கணக்குல பாதியாக் கொறச்சுப்புட்டேன். அதுக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

அப்புறம் எங்கோ ஒரு மூலையில் சிரிப்பு. முதல்வர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். உடற்கல்வி ஆசிரியர்தான் நல்ல மனிதர். பத்து நிமிடம் கொடுத்தார். என் மகள் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை, நன்றி சொல்லவும் இல்லை. "டேப்போட அந்த முனையப் புடிங்கப்பா" என்றாள்.

பிடித்தேன். அவள் முதல் தடத்துக் கோட்டிலிருந்து அளந்துகொண்டே வந்தாள். நான் குனிந்து, டேப்பின் முனையை மண்ணில் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். இப்போதும் எனக்கு உள்ளுக்குள் பாதி சந்தேகம், அதையும் சொல்லத்தான் வேண்டும். எப்படி சாமி, சின்ன கிரவுண்டுக்கும் அதே அளவு என்று மெதுவாகக் கேட்டேன். அவள் நிமிராமலே ஒரு கேள்வி கேட்டாள்.

"நம்ம பட்டறைல தண்ணி டேங்குக்குச் சுத்திப் பட்டை போடறீங்கல்லப்பா. டேங்கை ஒட்டாம, சுத்தியும் ஒரு இஞ்சு தள்ளிப் போடோணும்னா பட்டை எவ்வளவு கூட வேணும்?"

"ஆறேகால் இஞ்சு" என்றேன். அது தூக்கத்தில் கேட்டாலும் வரும்.

"சின்ன டேங்குக்கு?"

"ஆறேகாலுதான்."

"பெரிய டேங்குக்கு?"

நான் டேப்பைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன். இருபது வருடமாக என் கை அந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கிறது. ஆயிரம் லிட்டர் டேங்கானாலும் பத்தாயிரம் லிட்டர் டேங்கானாலும், ஒரு இஞ்சு தள்ளினால் ஆறேகால் இஞ்சுதான் கூடும், டேங்கின் பருமனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இங்கே இஞ்சுக்குப் பதிலாக நாலடி, ஓட்டத்தை அளக்கிற முறையில் அதில் ஒரு நாலு இஞ்சு குறையும். மைதானம் பெரிதோ சிறிதோ, தடம் நாலடி தள்ளினால் ஒரு சுற்றுக்குக் கூடுகிற தூரம் ஒன்றுதான். நாலு இரும்புப் பட்டைகளைத் தரையில் படுக்க வைத்தது போல அந்தப் பாதை என் கண்முன் கிடந்தது. என் தொழில் எனக்கே தெரியாமல் என் மகளின் புத்தகத்தில் இருந்திருக்கிறது.

புதுக் கோடுகள் போட்டாயிற்று. நாலாம் தடத்துக் கோடு தண்ணீர்க் குழாய்க்கு நேராகப் போய் நின்றது, முந்தின நாள் அவள் போட்ட அதே இடம். நான் எழுந்து பந்தலுக்குத் திரும்பினேன். என் பின்னால் இருந்தவர் இப்போது, நாலாவது பிள்ளை ஏன் அவ்வளவு முன்னால் நிற்கிறது, இது அநியாயம் இல்லையா என்று கேட்டார். எனக்கு விளக்க ஆசையாக இருந்தது. டேங்கில் ஆரம்பித்தால் நேரமாகும் என்று, கொஞ்சம் பொறுங்க, வளைவு முடியட்டும் என்று மட்டும் சொன்னேன்.

விசில் ஊதினார்கள். முதல் வளைவில் நாலு பேரும் நாலு இடத்தில் இருந்தார்கள், யார் முன்னால் யார் பின்னால் என்றே புரியவில்லை. எதிர்ப்பக்கம் போகப் போக இடைவெளி சுருங்கியது. இரண்டாவது வளைவு முடிந்து நேர்ப்பாதைக்கு வந்தார்கள் பாருங்கள், நாலு பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே வரிசையில், தோளோடு தோள் வந்து திரும்பினார்கள். இனிமேல் ஓடினால்தான் உண்டு, கோட்டின் தயவு யாருக்கும் கிடையாது. பந்தல் முழுக்க எழுந்து நின்று கத்தியது. நான் ஓடுகிற பிள்ளைகளைப் பார்க்கவில்லை. முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் வெள்ளைத் தொப்பியோடு நின்ற பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணில் தண்ணீர் நின்றது. வெயில் என்று சொல்லிக்கொள்ள அன்றைக்கு வெயிலும் இல்லை.

இரண்டாம் தடத்துப் பிள்ளை ஜெயித்தது. நாலாம் தடத்துப் பிள்ளை மூன்றாவதாக வந்தது. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. ஆனால் அந்தப் பிள்ளை மூச்சு வாங்க என் மகளிடம் வந்து, அக்கா, சரியா இருந்துச்சுக்கா என்று சொல்லிவிட்டுப் போனதாம். தோற்ற பிள்ளை வந்து சரியாக இருந்தது என்று சொல்வதைவிடப் பெரிய சான்றிதழ் என்ன வேண்டும் என்று என் மகள் அன்று ராத்திரி சாப்பிடும்போது சொன்னாள். சொல்லிவிட்டு, குத்தம் வந்திருச்சுங்கப்பா, பந்தயம் பந்தயம்தான், நான் பி.காமே சேர்ந்துக்கறேன் என்றாள்.

குத்தம் உன் கோட்டுக்கு வரவில்லை, என் கோட்டுக்குத்தான் வந்தது என்றேன். பந்தயத்தில் தோற்றவன் நான். என் மனைவி இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, சோறு ஆறுகிறது என்றாள். அவ்வளவுதான் எங்கள் வீட்டில் அந்த விஷயத்துக்கு நடந்த பேச்சுவார்த்தை.

செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அவளிடம் ஸ்டேகர் பற்றித்தான் கேட்டாராம். இவள் தண்ணீர் டேங்கை வைத்து விளக்கியிருக்கிறாள். அவர் சிரித்து, இதை எங்கே படித்தாய் என்று கேட்க, எங்க அப்பா பட்டறையில என்று சொல்லியிருக்கிறாள். அந்தப் பாடத்தில்தான் அவளுக்கு எல்லாவற்றையும்விட அதிக மதிப்பெண். கல்லூரி விண்ணப்பத்தில் என்ன படிப்பு என்ற கட்டத்தை நானே என் கையால் நிரப்பினேன். உடற்கல்வி என்று, பெரிய எழுத்தில். இப்போது சேலத்தில் மூன்றாம் வருடம் படிக்கிறாள். லீவுக்கு வந்தால் இன்னமும் என்னைத் தரையில் உட்கார வைத்து அளக்கிறாள். இந்தத் தீபாவளிக்கு என் விரல் கால் கட்டைவிரல் நுனியைத் தொட்டது. அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள், இந்த முறை சிரித்துக்கொண்டே.

பட்டறைக்கு வருகிறவர்கள் பொண்ணு என்ன படிக்குது என்று கேட்டால், முன்பெல்லாம் ஏதோ டிகிரி என்று முணுமுணுத்துவிட்டு வேலையைப் பார்ப்பேன். இப்போது மெஷினை நிறுத்திவிட்டு, விளையாட்டுப் படிக்குதுங்க என்று சத்தமாகச் சொல்கிறேன். யாராவது சிரித்தால், இருநூறு மீட்டர் மைதானத்தில் இரண்டாம் தடத்துப் பிள்ளையை எவ்வளவு முன்னால் நிறுத்த வேண்டும் என்று கேட்பேன். அநேகமாக எல்லாரும் மூன்றரை மீட்டர் என்றுதான் சொல்கிறார்கள். அவர்களைக் கேலி செய்ய எனக்கு வாய் வருவதில்லை, ஏனென்றால் அதே தப்பைச் செய்து ஆயிரம் பேர் முன்னால் ஒப்புக்கொண்டவன் நான். அதைத் தன் தப்பென்று சொல்லி எனக்காக முன்னால் வந்து நின்ற ஒரு பிள்ளைக்குத் தகப்பன் என்று நினைக்கும்போதெல்லாம், அளக்க முடியாத ஒன்று என் நெஞ்சில் நிறைகிறது.